தெளிவாக வந்த படம்

அந்தக் கேமராவை என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வாங்கி வந்தார். அவர் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்பார்கள். வீட்டில் இருக்கும் மூன்று மாதத்தில் ஒரு மாதம் மருத்துவச் சோதனை, பயிற்சி வகுப்பு என்று மும்பைக்கும் சென்னைக்கும் அலைவதில் போய்விடும். அந்த முறை மிச்சமிருந்த நாட்களில் ஒருநாள் திருச்செந்தூருக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில் என்னை நிறுத்தி ஏழெட்டுப் படம் எடுத்தார். எல்லாவற்றிலும் நான் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரையோ திட்டப் போகிறவளைப் போல நிற்கிறேன். பொங்கல் முடிந்து அவர் கிளம்பினார். கேமராவைப் பையோடு பீரோவில், என் பட்டுச்சேலைகளுக்கு மேலே வைத்துவிட்டுப் போனார்.

கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தை நெருங்கும்போதுதான் அவருக்குச் சிக்னல் கிடைக்கும். அப்படி வந்த ஓர் அழைப்பில், சாப்பாடு, கேஸ் சிலிண்டர், என் தம்பி மகள் சடங்கு எல்லாம் பேசி முடித்தபிறகு கேட்டார்.

"ஏளா, அந்தக் கேமரா பீரோவுக்குள்ளயா இருக்கு?"

"ஆமா. நீங்க வச்ச இடத்துலதான் இருக்கு."

"பூஞ்சை புடிச்சிரும். நம்ம ஊரு உப்புக்காத்துக்கு லென்ஸுக்குள்ள சிலந்திவலை மாதிரி படந்துரும். வாரத்துக்கு ஒருக்க வெளிய எடுத்து நாலு படம் எடுத்து வையி."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"தெரிய என்ன இருக்கு? மேல திருகுல பச்சையா ஆட்டோன்னு இருக்கும். அதுல வச்சு அமுக்கு. மத்தத அது பாத்துக்கிடும்."

இப்படித்தான் அது என் கைக்கு வந்தது. ஆசைப்பட்டு எடுக்கவில்லை. ஊருக்குப் போனவர்கள் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல, ஞாயிற்றுக்கிழமை ஆனால் எடுத்து, மாடியில் நின்று நாலு திசைக்கும் நாலு படம் எடுத்து, திரும்பப் பையில் வைத்துவிடுவேன். தண்ணீர்த் தொட்டி, எதிர் வீட்டுக் கொடி, தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, பஸ் போகிற ரோடு.

நாங்கள் இருப்பது முத்தையாபுரத்தில், ஒரு வீட்டின் மாடிப் பகுதியில். நான் தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் விளைகிற ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி வரும்வரை கடலைத் திருவிழாவுக்குப் போகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பகலில் ஓர் உப்புக் கம்பெனி அலுவலகத்தில் லாரி பில் போடுகிறேன். மாலையில் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. முதல் சில வருடங்கள் இது என்னை ஒன்றும் செய்யவில்லை. பிறகு செய்தது.

பங்குனி மாதம் உப்பு நன்றாக விளைந்து, எங்கள் அலுவலகத்தின் பின்னால் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்தார்கள். உச்சிவெயிலில் அதைப் பார்க்கவே முடியாது, கண் கூசும். அந்த வாரத்து நாலு படத்தை அங்கே எடுக்கலாம் என்று கேமராவை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எடுத்தேன். பார்த்தால் உப்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய சாம்பல் குவியல் போல. மறுபடி எடுத்தேன். மறுபடியும் சாம்பல். கண் முன்னால் அவ்வளவு வெள்ளையாக இருப்பதை, அத்தனை விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருள் சாம்பல் என்று சொல்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. கேமரா கெட்டுவிட்டது, பூஞ்சைதான் பிடித்துவிட்டது என்று பயம் வேறு.

அன்று மாலை சோறு பொங்காமல் உட்கார்ந்து போனில் தேடினேன். தமிழில் ஒருவர் கேமரா சொல்லிக்கொடுக்கும் காணொளி கிடைத்தது. அவர் சொன்னது இதுதான்: கேமராவுக்குத் தான் பார்ப்பது உப்பா, கரியா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரமான வெளிச்சம் உள்ள பொருள் என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளையைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். கரியைக் காட்டினால் போதாது என்று கூட்டிவிடும். "இது நிஜமாகவே வெள்ளை" என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, பிளஸ்ஸும் மைனஸும் போட்ட பொத்தான். ஆனால் பச்சை ஆட்டோவில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. ஆட்டோவை விட்டு வெளியே வர வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் திருகை ஆட்டோவிலிருந்து 'பி' என்ற எழுத்துக்கு மாற்றினேன். ஏதோ உடைந்துவிடுமோ என்று மெதுவாகத்தான் திருப்பினேன். பிளஸ் ஒன்றுக்கும் கொஞ்சம் மேலே வைத்து அமுக்கினேன். உப்பு வெள்ளையாக வந்தது. வெறும் வெள்ளை இல்லை. ஒவ்வொரு கல்லின் ஓரமும் தெரிந்தது. குவியலின் நிழல் பக்கம் இளநீலமாக இருந்தது. அந்த நீலத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே அங்கே நீலம் இருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அலுவலகத்துக்குள் போய்க் கணக்கரிடம் காட்டினேன். "நல்லாருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கக் கிளம்பினார். வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது. கப்பல் நடுக்கடலில் இருந்தது. நாலைந்து நாள் கழித்து இரண்டாவது டிக் விழுந்து, கட்டைவிரல் ஒன்று வந்தது. அந்தக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வேலை விட்டு வந்ததும் கேமராதான். மாடியில் துணிக்கொடியில் நாலு நிறத்தில் கிளிப்புகள் இருக்கும். அவற்றின் பக்கவாட்டில் நின்று எடுத்து, லென்ஸின் கண் எவ்வளவு திறக்கிறது என்கிற அப்பர்ச்சரைப் படித்தேன். எண்ணைக் குறைத்தால் ஒரே ஒரு கிளிப் மட்டும் தெளிவாக நிற்கும், முன்னும் பின்னும் உள்ளவை நிறமாகக் கரைந்துவிடும். எண்ணைக் கூட்டினால் எல்லாக் கிளிப்பும் வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலத் தெளிவாக நிற்கும். மேசை விசிறியை வைத்து ஷட்டர் படித்தேன். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் விசிறி செத்து நின்றது. கால் நொடியில் சுழன்று புகையானது. சமையலறைக் குழாயைச் சொட்டவிட்டு, விழும் சொட்டை அந்தரத்தில் பிடிக்கப் பார்த்தேன். மூன்று நாள் ஆனது. பிடித்தபோது அது சொட்டு வடிவத்தில் இல்லை, உருண்டையாக, மிளகைப் போல இருந்தது. இருட்டிலும் எடுக்க உதவும் ஐஎஸ்ஓவைக் கண்டபடி ஏற்றினால் படம் ரவை தூவியதுபோல ஆகும் என்பதை, நான் வைத்த ரசத்தைப் படமெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. ஆளைப் படமெடுப்பது. காணொளியில் அவர் "உங்கள் வீட்டில் யாரையாவது சன்னல் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள்" என்றார். நான் காணொளியை நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் தலையணையை நிமிர்த்தி வைத்தேன். தலையணையில் ஃபோகஸ் செய்து, அது நகராதபடி லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, கேமராவை அரிசி டின் மேல் வைத்து, டைமரை அமுக்கிவிட்டு ஓடி, தலையணையை எறிந்துவிட்டு அந்த இடத்தில் உட்காருவேன். முதல் நாள் எடுத்ததில் பாதிப் படத்தில் தலையணை பறந்துகொண்டிருந்தது. மீதியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பழகப் பழக மூச்சு அடங்கியது. முகத்தில் ஒரு பக்கம் சன்னல் வெளிச்சமும் மறு பக்கம் நிழலுமாக, பாடத்தில் சொன்னபடியே வந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் என் கண் கேமராவுக்குச் சற்று மேலே, அதற்குப் பின்னால் யாராவது நின்றால் எங்கே முகம் இருக்குமோ அங்கே பார்த்தது. அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை.

அப்படி ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கையில், கீழ் வீட்டுப் பெண் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தவள், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் திரேஸ்புரத்து மீனவர் வீட்டுப் பெண். புருஷன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். அவளுக்கு எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"யக்கா, என்ன இது? தலவாணியத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடுதீய?"

சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு சத்தம் குடுத்தா நான் வர மாட்டனா? எடுங்க. அடுப்புல மீன் கெடக்கு, சட்டுனு எடுங்க."

அவள் முகம்தான் நான் ஒழுங்காக எடுத்த முதல் முகம். கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். கண்ணுக்குள் சன்னல் சதுரமாகத் தெரிந்தது. அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் இவ்ளோ கறுப்பாவா இருக்கேன்?" என்றாள். பிறகு, "இருக்கட்டும், நல்லாதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

வைகாசி பிறந்து கொஞ்ச நாளில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலிலேயே ஏதோ இருந்தது.

"ஏளா, எங்க கப்பல் தூத்துக்குடிக்கு வருது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் கப்பல் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"வீட்டுக்கு வாரீயளா?"

"வீட்டுக்கா? கப்பல் உள்ள வராதுளா. ஒரு ஜெனரேட்டர் மக்கர் பண்ணுது. அதுக்கு ஒரு பாகம் லாஞ்சுப் படகுல கொண்டு வந்து குடுப்பாங்க. வெளிய நங்கூரம் போட்டு அத வாங்கிக்கிட்டு அன்னைக்கே கெளம்பிருவோம். யாரும் எறங்க முடியாது."

"நான் வந்து பாக்க முடியாதா?"

"எப்படிப் பாப்ப? கரையில இருந்து பாத்தா தீப்பெட்டி மாதிரி தெரியும்."

போனை வைத்தபிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் எங்கோ பிரேசில் பக்கம் இருக்கும்போது எனக்கு இப்படி வலித்ததில்லை. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றுவிட்டுப் போகப்போகிறார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கீழே போய் அவளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"இதுக்கா அழுவுதீய? எங்க அண்ணன் படகு எதுக்கு இருக்கு? மீனுக்குப் போற வழியிலதான கப்பலெல்லாம் நிக்கும். ஒரு சுத்து கூட்டிட்டுப் போகச் சொல்லுதேன். நானும் வாரேன், ஒங்கள ஒத்தையில அனுப்ப முடியாது."

அடுத்த அழைப்பில் அவரிடம் சொன்னேன். முதலில் திட்டினார். கடலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றார்.  பிறகு சொன்னார்: "வெயில் ஏறின பொறவு வாங்க. கப்பலோட பின்பக்கத் தளத்துல நிப்பேன். ஆரஞ்சு கலர் பாய்லர் சூட் போட்டிருப்பேன். கை காமிப்பேன்."

எனக்கு அதைப் படமெடுக்க வேண்டும். அந்த ஆசை வந்ததும் வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆனால் நான் அதுவரை படித்ததெல்லாம் ஆடாத பொருள்கள்: கிளிப், ரசம், தலையணை. இங்கே ஆடும் படகிலிருந்து, தூரத்தில், கண் கூசும் வெயிலில், ஓர் ஆளை எடுக்க வேண்டும். கேமராப் பையில் அதுவரை தொடாத நீளமான லென்ஸ் ஒன்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டு தினமும் மாலை பஸ் ஏறித் துறைமுகக் கடற்கரைக்குப் போனேன். அங்கே கடல்காகங்கள் பறக்கும். முதல் நாள் எடுத்ததில் ஒன்றில்கூடப் பறவை தெளிவாக இல்லை. ஃபோகஸ் எல்லாம் பின்னால் இருந்த அலையில் போய் விழுந்திருந்தது. திரையில் தெரியும் அத்தனை ஃபோகஸ் புள்ளிகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கேமராவிடம் விட்டிருந்தேன். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பொருள் நகர நகரப் பின்தொடரும் ஃபோகஸுக்கு மாற்றினேன். ஷட்டரை ஆயிரத்துக்கு மேலே ஏற்றினேன். விரலை எடுக்காமல் அமுக்கினால் அடுக்கடுக்காக எடுக்கும் முறைக்கு மாற்றினேன். மூச்சை விட்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பறவையோடு சேர்ந்து இடுப்பைத் திருப்ப வேண்டும். சுண்டல் விற்கிறவர்களும், காற்று வாங்க வந்த குடும்பங்களும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். தனியாக ஒரு பெண் சேலையைச் செருகிக்கொண்டு பறவைக்குப் பின்னால் சுற்றுவது அவர்களுக்கு வேடிக்கைதான். ஒருநாள் ஒரு கடல்காகம் மீனோடு திரும்பி என்னைப் பார்த்த நொடி அப்படியே படத்தில் விழுந்தது. கண், அலகு, மீனின் செதில், எல்லாம். அன்று திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அந்தப் படத்தைக் கேமராவில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கப்பல் வந்தது. விடியற்காலையில் நங்கூரம் போட்டுவிட்டோம் என்று செய்தி அனுப்பியிருந்தார்.

திரேஸ்புரத்தில் அவள் அண்ணன் ஃபைபர் படகோடு நின்றார். வெயிலில் வெந்த உடம்பு, அதிகம் பேசாத மனிதர். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"கப்பல் பக்கத்துல போக முடியாது, தங்கச்சி. போகவும் கூடாது. கோஸ்ட் கார்டு பாத்தா வெரட்டுவான். எட்டவே ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பிருவோம். சரியா?"

"சரிண்ணே."

கேமராவைக் குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியால் மூடி, ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். முயல் தீவைத் தாண்டியதும் படகு எழும்பி விழ ஆரம்பித்தது. ஆற்றில் நீந்திய எனக்கு இந்தத் தண்ணீர் வேறு. தண்ணீருக்கு வெளியே இருந்தும் உடம்புக்குள்ளே அலை அடித்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கீழ் வீட்டுக்காரி என் முதுகைத் தடவிக்கொண்டு, மாதாவே மாதாவே என்று முணுமுணுத்தாள்.

தீப்பெட்டிகள் போல நின்ற கப்பல்களில் ஒன்று மெதுவாகப் பெரிதானது. கிட்டப் போகப் போக அது கப்பலாகவே இல்லை. தெருவை அடைத்துக் கட்டிய இரும்புச் சுவர் போல இருந்தது. துரு வழிந்த சுவர். அதற்குள் எங்கோ என் வீட்டுக்காரர் இருக்கிறார். எத்தனையோ வருடமாக அவர் வேலை பார்க்கும் இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

படகு பின்பக்கமாகச் சுற்றி வந்தது. மேலே கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆள்.

"யக்கா, அங்கன! அங்கன நிக்காக பாருங்க! அண்ணாச்சிதான்!" என்று அவள் கத்தினாள்.

நான் தொப்பியைக் கழற்றி எறிந்தேன். வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது, ஆள் இருட்டாகத் தெரிந்தார். பிளஸ்ஸை ஏற்றினேன். நடுப்புள்ளியை ஆரஞ்சு மேல் வைத்தேன். படகு எழும்பியது, புள்ளி வானத்துக்குப் போனது. விழுந்தது, புள்ளி துருவுக்குப் போனது. எழும்பி உச்சியில் ஒரு கணம் நிற்கும் அல்லவா, அந்தக் கணத்தில் அமுக்கினேன். மறுபடி உச்சி, மறுபடி அமுக்கினேன். அந்த ஆள் கையைத் தூக்கி அசைத்தார். இரண்டு கையையும் தூக்கி அசைத்தார். என் இரண்டு கையிலும் கேமரா இருந்தது. பக்கத்தில் கீழ் வீட்டுக்காரி எழுந்து நின்று, அண்ணன் வைவதைக் கேட்காமல், தன் சேலைத் தலைப்பைப் பிடித்து வீசி வீசிக் காட்டினாள்.

அவ்வளவுதான். படகு திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து, குளிக்காமல், உப்புப் படிந்த உடம்போடு லேப்டாப்பில் படங்களை ஏற்றினேன். பாதி மங்கல். சிலவற்றில் வெறும் துரு. ஒன்று மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. பெரிதாக்கினேன். கம்பித் தடுப்பின் வெள்ளைப் பெயிண்ட் உரிந்திருப்பது தெரிந்தது. ஆரஞ்சு உடையின் மார்பில் இருந்த பை தெரிந்தது. தூக்கிய இரண்டு கைகளுக்கு நடுவே முகம் தெரிந்தது. சுருட்டை முடி, அடர்ந்த மீசை, சிரிப்பு. முப்பது வயதுகூட இருக்காது.

என் வீட்டுக்காரருக்கு முன்தலையில் முடி இல்லை. மீசையை எடுத்து வருடக் கணக்காகிறது. ஆள் ஒல்லி, உயரம். இந்த ஆள் கட்டை, தோள் அகலம்.

அடுத்த படத்தைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். தெளிவில்லாத படங்களில் அது அவராக இருக்கலாம் போல இருந்தது. தெளிவான ஒன்றில் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவர் அழைத்தார். பின்னால் எஞ்சின் சத்தம். கிளம்பிவிட்டார்கள், சிக்னல் போகப்போகிறது.

"பாத்தியா? நான் கை காமிச்சேன்லா. ரெண்டு கையையும் தூக்கிக் காமிச்சேன், பாத்தியா?"

லேப்டாப் மூடியைச் சாத்தினேன்.

"பாத்தேன்" என்றேன்.

"படம் எடுத்தியா? அனுப்பு, பாப்போம்."

"படகு கெடந்து ஆடுச்சு. ஒண்ணும் தெளிவா வரல."

"அதான் சொன்னேன், ஆட்டோல போட்டு எடுத்திருந்தா வந்திருக்கும்" என்றார். குரல் கரகரத்து, துண்டு துண்டாகி, நின்றுவிட்டது.

கேமராவைத் துடைத்துப் பீரோவில் வைத்தேன். அதன்பிறகு நெடுநாள் எடுக்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்பது எனக்குக் கோபமாக இல்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று மனம் ஒவ்வொரு இரவும் ஒரு காரணம் செய்தது. உடம்பு சரியில்லையோ, அடிபட்டுக் கிடக்கிறாரோ என்று முதலில். பிறகு, வர மனமில்லையோ என்று. கீழ் வீட்டுக்காரி வருகிறவர்களிடமெல்லாம், "அண்ணாச்சி ரெண்டு கையையும் தூக்கிக் காமிச்சாவோ, அக்காவுக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று வீசி ஓய்ந்தது. உப்பளத்தில் வேலை முடிந்து, குவியல்களை ஓலையால் மூடினார்கள்.

ஐப்பசி மழையில் அவர் வந்தார். இளைத்திருந்தார். வலது கையில் ஆறிப்போன தீக்காயத் தழும்பு ஒன்று, நான் பார்க்காதது, இருந்தது. இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள், பூஞ்சை பிடித்துவிட்டதா என்று பார்க்கக் கேமராவை எடுத்தார். நான் அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் சத்தமே இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது நான் இல்ல" என்றார்.

"தெரியும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லாஞ்சில் பாகம் வந்து சேர்ந்ததும் அதைப் பொருத்தக் கீழே இறக்கிவிட்டார்கள். எஞ்சின் அறையில் சன்னல் கிடையாது. பகலா இரவா என்று தெரியாது. நேரம் ஆகிறதே என்று பதறிய அவசரத்தில்தான் சூடான குழாயில் கை பட்டது. மேலே போக விடவில்லை. கூட வேலை பார்க்கும் கேரளத்துப் பையன் ஒருவன் அப்போது வேலை முடிந்து மேலே போய்க்கொண்டிருந்தான்.

"அவன்கிட்ட சொன்னேன். எங்க வீட்டுக்காரி படகுல வந்திருப்பா, போயி ஒரு கை காமிச்சுட்டு வாடேன்னு."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"அவ்ளோ தூரம் கடல்ல வந்திருக்க. வாந்தி எடுத்திருப்ப. ஒன்கிட்டப் போயி நான் வரலன்னு எப்படிளா சொல்ல?" பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏன் தெளிவா வரலன்னு சொன்ன?"

"ரெண்டு கையையும் தூக்கிக் காமிச்சேன்னு அவ்ளோ சந்தோசமா சொல்லுதீய. நான் என்னத்த சொல்ல?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "அவன் கீழ வந்து சொன்னான். சேட்டா, ஒங்க வீட்டம்மா எந்திரிச்சு நின்னு சேலைத் தலைப்ப வீசுனாங்க, கீழ விழுந்துருவாங்களோன்னு பயந்துட்டேன்னு. நான் ரெண்டு நாளைக்கு அதையே நெனச்சுக்கிட்டு வேல பாத்தேன்."

"அது நான் இல்ல" என்றேன். "கீழ் வீட்டுக்காரி. நான் ஒக்காந்து படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் அவர்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். தோசை கல்லிலேயே காய்ந்துபோனது.

அந்த முறை அவரை நிறையப் படம் எடுத்தேன். அசையாமல் உட்கார அவருக்கு வராது. "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் நான் வைத்திருந்த அளவுகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாரு சொல்லித் தந்தா?" என்று கேட்டார். உப்பின் கதையைச் சொன்னேன். கிளிப், விசிறி, தலையணை எல்லாம் சொன்னேன். தலையணையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எழுந்து சன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாசியில் மறுபடி கிளம்பிவிட்டார். வீடு மறுபடி பழைய வீடாகியது. என் டம்ளர் ஒன்று, என் தட்டு ஒன்று. எதுவும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாலை ஆறு மணிக்கு இருள் வரும்போது உள்ளே ஏதோ இறங்குவது போலத்தான் இப்போதும் இருக்கிறது.

போன வாரம் லீவு நாளில் புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறினேன். நான் பிறந்த ஊர் வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய தாமிரபரணி அங்கேதான் கடலில் சேர்கிறது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் அதைப் போய்ப் பார்த்ததில்லை. புதிதாக வாங்கிய கேமரா ஸ்டாண்டை மணலில் ஊன்றி, வெயில் இறங்கிய வேளையில் ஷட்டரை அரை நொடிக்கு வைத்து எடுத்தேன். ஆற்றுத் தண்ணீரின் மண் நிறமும் கடலின் நீலமும் சேரும் இடத்தில் கோடு எதுவும் விழவில்லை, பால் போல ஒன்று மட்டும் வந்தது. கோடு தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட்டி எடுத்தேன், சரியாக வந்தது. கரையில் ஆள் யாரும் இல்லை. வெளிச்சம் குறையும்வரை நின்று எடுத்துவிட்டு, லென்ஸைத் துடைத்து மூடி, கடைசி பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.